பிளாஸ்டிக்குக்கும் வயது போகும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் ஒரு மருத்துவரை மேடையேற்றினால் நீரிழிவு, உயர் குருதியமுக்கம், மூட்டுவலி என்று ஏதாவது சொல்லுவார் என்றுதான் நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நாங்கள் எடுத்துக்கொண்டதும் முதுமைதான். ஆனால் மனிதரின் முதுமை அல்ல, பிளாஸ்டிக்கின் முதுமை. குறிப்பாக, மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று வயது போகப் போகத் தன்னூடாக வாயுக்களை விடுகிற அளவு ஏன் குறைகிறது என்ற கேள்வி.

இதைத் தெரிவு செய்ய இரண்டு காரணங்கள் உண்டு. எங்கள் சங்கம் இந்த நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கைக் குடிநீர் இயந்திரங்களுக்குச் செலவிடப் போகிறது. அந்த இயந்திரத்தின் உயிர் அதன் இரும்புப் பெட்டியிலோ பம்பிலோ இல்லை. உள்ளே சுருட்டி வைத்திருக்கும் மெல்லிய படலத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட படலங்களுக்கு வயது போவது எப்படி என்று தெரியாமல் பணம் கொடுப்பது, பிள்ளையின் வயது கேட்காமல் மருந்து எழுதுவது போன்றது.

மற்றக் காரணம் எங்கள் தீவுகளின் பழைய பெயர்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு ஊர்களின் பெயர்களை வைத்தார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது. புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம். சாட்டியும் வேலணையும் ஊர்காவற்றுறையும் உள்ள இந்தத் தீவு லைடன். இன்று நாங்கள் பேசப்போகும் கதையின் இரண்டு முக்கியமான படிகள் நெதர்லாந்திலுள்ள அந்த லைடனிலும் அந்த டெல்ஃப்டிலும்தான் நடந்தன. பெயரளவில் எங்களுக்கும் அதில் ஒரு சொந்தம் இருக்கிறது.

முதலில் பிளாஸ்டிக் என்றால் என்ன என்று பார்ப்போம். உயர்தர வகுப்பில் பல்பகுதியம் என்று படித்தது நினைவிருக்கும். சிறிய மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நீண்ட சங்கிலியாவதுதான் அது. சூடாக இருக்கும்போது இந்தச் சங்கிலிகள் நெளிந்து வளைந்து ஓடித் திரிகின்றன. குளிர்விக்கும்போது ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் ஓட்டம் நின்றுவிடுகிறது. அந்த வெப்பநிலைக்கு மேலே அது றப்பர் போல இருக்கும். கீழே கண்ணாடி போல விறைத்துப்போகும். சோடாப் போத்தல் செய்யும் பெற் பிளாஸ்டிக்குக்கு அது ஏறத்தாழ 75 பாகை செல்சியஸ். பொலிஸ்ரைரீனுக்கு 100 பாகை அளவு. டயலிசிஸ் வடிகட்டிகளில் நாங்கள் காணும் பொலிசல்போனுக்கு 185 பாகைக்குச் சற்று மேல். ஆகவே எங்கள் ஊரின் வெயிலில்கூட இவையெல்லாம் கண்ணாடி நிலையில்தான் இருக்கின்றன. றப்பருக்கோ அந்த வெப்பநிலை பூச்சியத்துக்கு வெகு கீழே. அதனால்தான் அது எப்போதும் இழுபடுகிறது.

கண்ணாடி நிலை என்பதை ஒரு விளையாட்டால் விளங்கிக்கொள்ளலாம். மைதானத்தில் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். திடீரென்று மணி அடிக்கிறது. அவரவர் நின்ற இடத்தில், நின்ற கோலத்தில் அசையாமல் நிற்க வேண்டும். வரிசையாக நிற்க நேரம் கிடைக்கவில்லை. ஒருத்தி கையை நீட்டியபடி, இன்னொருத்தி காலைத் தூக்கியபடி. இடையிடையே இடம் வீணாக விட்டுக் கிடக்கிறது. கண்ணாடி நிலைப் பிளாஸ்டிக்கும் இப்படித்தான் உறைந்திருக்கிறது. வரிசையில் நிற்க விரும்பிய கூட்டம், நிற்க முடியாமல் நின்றுவிட்டது.

அந்த வீணான இடத்தை விஞ்ஞானிகள் சுயாதீனக் கனவளவு என்கிறார்கள். நாங்கள் எளிமையாக "விட்ட இடம்" என்று சொல்லலாம். சாட்டி மணலை ஒரு வாளி நிறைய அள்ளுங்கள். வாளி நிரம்பிவிட்டது. ஆனாலும் அதற்குள் தண்ணீர் ஊற்றினால் போய்க்கொண்டே இருக்கும். தளர்வாகக் கொட்டிய மணலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் இடம். அந்த இடத்தில்தான் சாட்டிக் கிணறுகளின் நல்ல தண்ணீர் தங்குகிறது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. பிளாஸ்டிக்கின் விட்ட இடமும் இதே கணக்குத்தான். மொத்தக் கனவளவிலிருந்து மூலக்கூறுகள் உண்மையில் பிடித்த இடத்தைக் கழித்தால் மிச்சம் வருவது. பொலிசல்போனில் அது 15 வீதமளவு. வித்தியாசம் என்னவென்றால் மணலின் இடைவெளி கண்ணுக்குத் தெரியும். பிளாஸ்டிக்கின் இடைவெளி ஒரு வாயு மூலக்கூறு மட்டுமட்டாக நுழையக்கூடிய அளவு.

இந்தக் கழித்தல் கணக்கைப் பௌதிகத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முன்னோடி லைடனில் பிறந்தவர். ஜொகான்னஸ் வான் டெர் வால்ஸ், ஒரு தச்சுத் தொழிலாளியின் மகன். ஆரம்பப் பாடசாலை ஆசிரியராகத் தொடங்கி, பின்னர் படித்து, 1873இல் லைடன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வைச் சமர்ப்பித்தார். வாயுக்களின் மூலக்கூறுகளும் இடம் பிடிக்கும், அந்த இடத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும் என்றார். 1910இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் ஒரு பிளாஸ்டிக்கின் விட்ட இடத்தைக் கணக்கிடும்போது கழிக்கிற தொகை அவருடைய பெயராலேயே அழைக்கப்படும் கனவளவிலிருந்துதான் வருகிறது. இங்கே இருக்கும் ஆசிரியைகளுக்கு இந்தச் செய்தி பிடிக்கும் என்று நினைக்கிறோம்.

சரி, திண்மமான பிளாஸ்டிக்குக்குள்ளால் வாயு எப்படிப் போகும்? நீங்கள் எல்லோரும் கண்டதுதான். கண்ணாடிப் போத்தல் சோடா வருடக்கணக்கில் காரம் குறையாமல் இருக்கும். பிளாஸ்டிக் போத்தல் சோடாவை மூடி திறக்காமலே பல மாதம் வைத்திருந்தால் சப்பென்று போய்விடும். மூடியில் ஓட்டை இல்லை, போத்தலிலும் வெடிப்பு இல்லை. காபனீரொட்சைட்டு போத்தலின் சுவரிலே கரைந்து, ஒரு விட்ட இடத்திலிருந்து அடுத்ததுக்குத் தத்தித் தத்தி வெளியே வந்துவிடுகிறது. சங்கிலிகள் ஒரு கணம் அசைந்து வழிவிட்டால் ஒரு தாவல். இப்படிக் கோடானுகோடி தாவல்.

எங்கள் துறையில் இதற்கு இன்னொரு உதாரணம் இருக்கிறது. கண்ணின் கருவிழிப் படலத்தில் இரத்தக் குழாய் கிடையாது. அது தனக்கு வேண்டிய ஒட்சிசனைப் பெரும்பாலும் நேரே காற்றிலிருந்து எடுக்கிறது. ஆரம்பகால வன்மையான தொடுவில்லைகள் கண்ணாடி நிலையிலுள்ள அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் செய்யப்பட்டன. அதனூடாக ஒட்சிசன் கிட்டத்தட்டப் போகவே போகாது. நீண்ட நேரம் அணிந்தவர்களின் கருவிழி வீங்கியது. பின்னர் சிலிக்கன் கலந்த, விட்ட இடம் கூடிய பொருட்கள் வந்தபிறகுதான் அந்தத் தொல்லை குறைந்தது. பார்வைக்கு இரண்டும் ஒரே தெளிவான வில்லைதான். உள்ளே விட்ட இடம்தான் வேறு.

வாயுக்களைப் படலத்தால் பிரிக்கலாம் என்பது புதிய செய்தி அல்ல. 1866இல் தோமஸ் கிரஹாம் என்ற இரசாயனவியலாளர் மெல்லிய றப்பர் படலத்தூடாகக் காற்றை இழுத்து, 21 வீதமாக இருந்த ஒட்சிசனை 40 வீதமளவுக்குக் கூட்டிக் காட்டினார். ஆனால் றப்பர் எல்லோரையும் தாராளமாக விடும். ஆள் பார்த்து விடாது. கண்ணாடி நிலைப் பிளாஸ்டிக் குறைவாக விடும், ஆனால் ஆள் பார்த்து விடும். ஒட்சிசன் மூலக்கூறு நைதரசனைவிட ஒரு மயிரிழை சிறியது. அந்த மயிரிழை வித்தியாசத்தைப் பொலிசல்போன் கண்டுபிடித்து, நைதரசனைவிட ஒட்சிசனை ஐந்து மடங்குக்கு மேல் வேகமாக விடுகிறது. 1980 அளவில் மொன்சான்ரோ நிறுவனம் பொலிசல்போனை முடி போன்ற வெற்றுக்குழல் இழைகளாக நூற்று, தொழிற்சாலைகளில் வீணாகப் போகும் ஐதரசனைப் பிடித்தெடுக்கப் பயன்படுத்தியது. இன்று நைதரசன் தயாரிக்கவும், இயற்கை வாயுவிலிருந்தும் சாணவாயுவிலிருந்தும் காபனீரொட்சைட்டை நீக்கவும் இப்படிப்பட்ட இழைகள் உலகமெங்கும் ஓடுகின்றன.

இப்போது முதுமைக்கு வருவோம். மைதானத்தில் உறைந்து நிற்கும் பிள்ளைகளை மீண்டும் நினையுங்கள். அசையக்கூடாது என்பது கட்டளை. ஆனாலும் எவ்வளவு நேரம்தான் காலைத் தூக்கிக்கொண்டு நிற்பது? யாரும் பார்க்காத வேளையில் ஒருத்தி காலை மெல்லக் கீழே வைப்பாள். இன்னொருத்தி அரை அடி நகருவாள். கூட்டம் மெல்ல மெல்ல ஒழுங்காகும், இடைவெளி சுருங்கும். கண்ணாடி நிலைப் பிளாஸ்டிக்கிலும் இதுதான் நடக்கிறது. மணல் வாளியைத் தட்டினால்தான் மணல் அமரும். பிளாஸ்டிக்கை யாரும் தட்டத் தேவையில்லை. அறையின் வெப்பமே அதை இடைவிடாமல் தட்டிக்கொண்டிருக்கிறது. சங்கிலிகள் இம்மி இம்மியாக நெருங்க, விட்ட இடம் குறைகிறது. பொருளின் அடர்த்தி மிகச் சிறிதளவு கூடுகிறது.

இதை ஒழுங்காக ஆராய்ந்து எழுதியவர் எல்.சி.இ. ஸ்ட்ரூயிக். அவர் வேலை செய்த ஊர் டெல்ஃப்ட். அங்குள்ள ரி.என்.ஓ. ஆய்வு நிறுவனத்தில் பல வகைப் பிளாஸ்டிக்குகளை வருடக்கணக்கில் சோதித்து, 1978இல் பௌதிக முதுமை பற்றிய நூலை வெளியிட்டார். அவருக்கு முன்னர் 1960களில் ஸ்ட்ராஸ்பேர்க்கில் அந்த்ரே கோவாக்ஸ் பிளாஸ்டிக்கின் கனவளவு சுருங்குவதை நுணுக்கமாக அளந்திருந்தார். ஸ்ட்ரூயிக் அழுத்திச் சொன்னது இதுதான்: இது ஏதோ ஒரு பிளாஸ்டிக்கின் குறைபாடு அல்ல. கண்ணாடி நிலையில் உறைந்த எல்லாப் பொருளுக்கும் உரிய பொது இயல்பு.

இந்த முதுமை நாள்கணக்கில் ஒரே சீராகப் போவதில்லை. பத்து மடங்குக் கணக்கில் போகிறது. முதல் நாளுக்கும் பத்தாவது நாளுக்கும் இடையில் எவ்வளவு மாறுகிறதோ, ஏறத்தாழ அதே அளவு மாற்றத்துக்குப் பத்தாவது நாளிலிருந்து நூறாவது நாள் வரை எடுக்கும். அடுத்த அதே அளவுக்கு ஆயிரமாவது நாள் வரை, அதாவது இரண்டே முக்கால் வருடம். அடுத்ததற்குப் பத்தாயிரமாவது நாள் வரை, 27 வருடம். எங்கள் சங்கத்தின் நூறு வருடம் என்பது 36,500 நாள். இந்தக் கணக்குப்படி நாங்கள் ஐந்தாவது படியின் நடுவில்தான் நிற்கிறோம். ஆகவே அக்காமார் யாரும் கவலைப்படத் தேவையில்லை. பெரிய மாற்றமெல்லாம் முதல் சில நாள்களிலேயே முடிந்துவிட்டது.

மருத்துவர்களாகிய நாங்கள் முதுமையையும் நோயையும் பிரித்துப் பார்க்கப் பழகியவர்கள். தோல் சுருங்குவது வயது, ஆறாத புண் நோய். பிளாஸ்டிக்கிலும் அப்படித்தான். முற்றத்தில் கிடந்த கதிரையும் வாளியும் வெயிலில் வெளிறி, பொடியாகி, உடைந்துபோவதை நாங்கள் ஒவ்வொரு வீட்டிலும் காண்கிறோம். அங்கே ஒளியும் ஒட்சிசனும் சங்கிலிகளை அறுத்துவிட்டன. அது நோய், திரும்பி வராது. நாங்கள் சொல்லும் பௌதிக முதுமையில் ஒரு சங்கிலியும் அறுவதில்லை. இருந்தவை நெருங்கி அமர்கின்றன, அவ்வளவுதான். அதனால் அதைத் திருப்பவும் முடியும். உறையும் வெப்பநிலைக்கு மேலே மீண்டும் சூடாக்கிக் குளிர்வித்தால் பிளாஸ்டிக் தன் வயதை மறந்து முதல் நாளுக்குப் போய்விடும். அந்த வசதி எங்களுக்குக் கிடைக்கவில்லை. இயந்திரத்துக்குள் பொருத்திய இழைகளுக்கும் அது நடைமுறையில் கிடைப்பதில்லை. அந்த வெப்பத்தில் மெல்லிய தோலும் அதைத் தாங்கும் துளைகளும் உருக்குலைந்துவிடும்.

விட்ட இடம் குறைந்தால் வாயுவுக்கு வழி குறையும். எவ்வளவு குறையும் என்பது படலத்தின் தடிப்பைப் பொறுத்தது என்பதுதான் பலரையும் வியக்கவைத்த செய்தி. ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஒஸ்ரின் வளாகத்தில் டொனால்ட் போலும் அவருடைய மாணவர்களும் 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் இதைத் தொடர்ந்து அளந்தார்கள். படலத்தை உறையும் வெப்பநிலைக்கு மேலே சூடாக்கி வயதைப் பூச்சியமாக்கி, பின்னர் 35 பாகையில் மாதக்கணக்கில் வைத்து, இடைக்கிடை ஒட்சிசனும் நைதரசனும் மெதேனும் போகும் வேகத்தைக் குறித்தார்கள். தடித்த படலத்தில் மாற்றம் சிறிதாகவே இருந்தது. ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைந்த மெல்லிய படலத்தில் ஒரு வருட அளவில் ஏறக்குறைய பாதியாகும் அளவுக்குக் குறைந்தது. மேற்பரப்புக்கு அருகில் இருக்கும் சங்கிலிகளுக்கு அசைவதற்குச் சுதந்திரம் கூட, விட்ட இடமும் மேற்பரப்பு வழியாகச் சுலபமாக வெளியேறுகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். தொழிற்சாலை இழைகளில் வேலை செய்யும் தோலோ இதைவிட மெல்லியது. தலைமுடியின் தடிப்பில் பல நூற்றில் ஒரு பங்கு. ஆகவே தடித்த படலத்தில் அளந்த கணக்கை மெல்லிய தோலுக்குப் பொருத்திப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

விட்ட இடம் கூடிய பிளாஸ்டிக்குகள் இன்னும் வேகமாக மூப்படைகின்றன. 1983இல் கியோட்டோப் பல்கலைக்கழகத்தில் தொஷியோ மசூதாவும் கூட்டாளிகளும் பி.ரி.எம்.எஸ்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு பொருளைச் செய்தார்கள். அதன் கனவளவில் 30 வீதமளவு விட்ட இடம். பொலிசல்போனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகமாக ஒட்சிசனை விட்டது. அதிசயப் பொருள் என்று உலகமே எழுந்து பார்த்தது. ஆனால் வாசலை அகலத் திறந்துவைத்த வீடு அப்படியே நிற்கவில்லை. மெல்லிய படலமாகச் செய்தபோது நாள்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அந்த வேகத்தின் பெரும்பகுதி போய்விட்டது. 2004இல் மான்செஸ்டரில் பீற்றர் பட்டும் நீல் மக்கியோனும் அறிமுகப்படுத்திய பிம் வகைப் பொருட்கள் வளைய மறுக்கும் விறைப்பான சங்கிலிகளால் ஆனவை. நெருங்கி அமரவே முடியாதபடி அமைக்கப்பட்டவை. அவையும் மூப்பிலிருந்து முழுமையாகத் தப்பவில்லை.

விட்ட இடம் உண்மையிலேயே குறைகிறதா என்று எப்படிப் பார்ப்பது? புற்றுநோய் நோயாளிகளுக்கு நாங்கள் பெற் ஸ்கேன் எழுதுகிறோம். அதில் வேலை செய்வது பொசித்திரன் என்ற துணிக்கை. பிளாஸ்டிக்குக்குள்ளும் அதையே அனுப்புகிறார்கள். அது ஓர் இலத்திரனோடு சேர்ந்து விட்ட இடங்களுக்குள் ஒதுங்குகிறது. இடம் பெரிதென்றால் சற்று நேரம் உயிர்வாழும், இடம் சிறிதென்றால் விரைவில் அழியும். அந்த ஆயுள் ஒரு செக்கனின் நூறு கோடியில் ஓரிரு பங்கு. அதை அளந்தே துளையின் பருமனைச் சொல்லிவிடுகிறார்கள். வயது போன படலத்தில் அந்த ஆயுள் குறைவதைக் கண்டிருக்கிறார்கள்.

இந்த முதுமையில் ஒரு நன்மையும் உண்டு. விட்ட இடம் சுருங்கும்போது பெரிய மூலக்கூறுக்குத்தான் கூடுதல் கஷ்டம். ஆகவே மொத்தமாகப் போகும் அளவு குறைந்தாலும், ஒட்சிசனையும் நைதரசனையும் பிரித்தறியும் திறன் கூடுகிறது. வயது போகப் போக ஆட்களை உள்ளே விடுவது குறையும், ஆனால் ஆள் அறிந்து விடுவோம் என்று எங்கள் அம்மம்மாமார் சொல்லக்கூடியதுதான். இருந்தாலும் தொழிற்சாலைக்குத் தரம் மட்டும் போதாது, அளவும் வேண்டும். அதனால் அனுபவமுள்ள பொறியியலாளர் புதுப் படலத்தின் கணக்கை வைத்து இயந்திரம் கட்டுவதில்லை. வயது போன படலத்தின் கணக்கை வைத்துக் கட்டுகிறார், ஆரம்பத்திலேயே சில குழாய்களைக் கூடுதலாக வைக்கிறார்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். தீவகத்தில் வாயு பிரிக்கும் ஆலை எதுவும் இல்லை. ஆனால் அதற்கு உடன்பிறப்பான இயந்திரம் வந்துவிட்டது, எல்லோரும் ஆர்.ஓ. என்று அழைப்பது. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் உவர்நீரை நன்னீராக்குகிறார்கள். குடாநாட்டுக்கென்று தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரும் கடல்நீர் ஆலை 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. இந்தத் தொழினுட்பத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த இருவரில் ஒருவர் இந்தியாவில் பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜன். பெயரைக் கேட்டாலே திருக்கண்ணபுரத்துப் பெருமாள் நினைவுக்கு வருவார். 1950களின் இறுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் அவரும் சிட்னி லோபும் செலுலோஸ் அசற்றேற்றால் ஒரு படலம் செய்தார்கள். மேலே மிக மெல்லிய தோல், கீழே தாங்குவதற்குத் துளைகள் நிறைந்த தடித்த அடுக்கு. சௌரிராஜன் பின்னர் கனடாவில், ஒட்டாவாவில் ஆய்வைத் தொடர்ந்தார். அதே செலுலோஸ் அசற்றேற்றுப் படலத்தை உலர்த்தி எடுத்து இயற்கை வாயுவைச் சுத்திகரிக்கவும் பயன்படுத்தினார்கள். தண்ணீர்ப் படலமும் வாயுப் படலமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நாங்கள் சொல்வது அதனால்தான்.

ஆனாலும் இரண்டு பிள்ளைகளுக்கும் வருத்தம் ஒன்றல்ல. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வாயுப் படலத்தை மெல்லக் கெடுப்பது நாங்கள் இதுவரை சொன்ன பௌதிக முதுமை. தண்ணீர்ப் படலத்தைக் கெடுப்பதில் முன்னுக்கு நிற்பவை வேறு: மேலே படியும் சுண்ணாம்பு உப்பு, வழுவழுப்பாக வளரும் நுண்ணுயிர்ப் படை, அழுத்தத்தால் நசிவது, கிணற்றுக்குப் போட்ட குளோரின் படலத்தை அரிப்பது. டயலிசிஸ் வடிகட்டியிலும் பொலிசல்போன் இருக்கிறது என்றாலும் அங்கே வேலை செய்வது விட்ட இடம் அல்ல, அதைவிடப் பல மடங்கு பெரிய துளைகள். கொரோனாக் காலத்தில் நீங்கள் வெளிநாடுகளிலிருந்து அனுப்பிய ஒட்சிசன் செறிவாக்கிகளில் வேலை செய்தது பிளாஸ்டிக் படலமே அல்ல, சியோலைட்டு என்ற கனிப்பொருள். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து எழுத முடியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவான பாடம் ஒன்று இருக்கிறது: புதிதாக இருந்த நாளில் அளந்த எண் அந்தப் பொருளின் ஆயுள் முழுவதற்கும் உரிய எண் அல்ல.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? நன்கொடையாக வந்த இயந்திரங்கள் ஓரிரு வருடத்தில் பூட்டிய அறைக்குள் தூசி படிந்து கிடப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். திறப்பு விழாப் படத்தில் குழாயிலிருந்து தண்ணீர் பாயும். அடுத்த வருடம் அது நூலாக ஒழுகும். பழுதா, வயதா, அழுக்கா என்று சொல்ல ஒருவராலும் முடியாது. ஏனென்றால் முதல் நாளில் எவ்வளவு பாய்ந்தது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. இடையில் பாதிக்கப்படுவது பிள்ளைகள். தண்ணீர் உப்புக் கரித்தால் பிள்ளைகள் குறைவாகக் குடிக்கிறார்கள். குறைவாகக் குடிக்கும் பிள்ளைக்குச் சிறுநீர்த் தொற்றும், நாளடைவில் சிறுநீர்க் கல்லும் வரும் வாய்ப்புக் கூடுகிறது. பெண் பிள்ளைகளில் அந்தத் தொற்று இன்னும் அதிகம். எங்கள் அறையில் வந்து அமரும் மாணவிகளிடம் "தண்ணி குடிக்கிறனியோ பிள்ளை?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, இயந்திரம் பொருத்திய முதல் நாளிலேயே நிமிடத்துக்கு எத்தனை லீற்றர், எவ்வளவு அழுத்தம், உள்ளே போகும் நீரினதும் வெளியே வரும் நீரினதும் உப்பு எவ்வளவு, நீரின் வெப்பநிலை என்ன என்று எழுதி வைக்க வேண்டும். வெப்பநிலை ஒரு பாகை மாறினாலே பாயும் அளவு ஏறத்தாழ 3 வீதம் மாறும். அதைக் குறிக்காவிட்டால் மார்கழிக் குளிரைப் படலத்தின் பழுது என்று நினைத்துவிடுவோம். தொடக்கத்தில் மாற்றம் வேகமாக இருக்கும் என்பதால் முதல் மாதத்தில் அடிக்கடியும், பின்னர் வாரத்துக்கு ஒருமுறையும் குறித்தால் போதும்.

இரண்டாவது, இயந்திரத்துக்குப் பணம் கொடுக்கும் அதே நாளில் மாற்றுப் படலத்துக்கும் வடிகட்டிகளுக்கும் பணத்தைப் புறம்பாக வைப்பில் இட வேண்டும். படலம் மாற்றத்தான் வேண்டும் என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டு தொடங்குவோம். ஒருமுறை நனைந்த படலத்தைக் காய விடக்கூடாது என்பதையும் விடுமுறைக் காலத்தில் பாடசாலையைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும். பெயர்ப்பலகையில் நன்கொடையாளரின் பெயர் எழுதுவது நல்லது. அதற்குக் கீழே படலம் பொருத்திய திகதியையும், அடுத்துப் பரிசோதிக்க வேண்டிய திகதியையும் எழுதுவது அதைவிட நல்லது.

மூன்றாவது, அந்தக் குறிப்புக் கொப்பியை உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவிகளின் கையில் கொடுங்கள். ஒரு வகுப்பு அடுத்த வகுப்பிடம் ஒப்படைக்கட்டும். ஐந்தாறு வருடத்தில் எங்கள் தீவின் தண்ணீரும் வெயிலும் ஒரு படலத்தை என்ன செய்கின்றன என்று சொல்லும் அளவீடு எங்கள் பாடசாலையிடமே இருக்கும். டெல்ஃப்டில் ஸ்ட்ரூயிக் செய்ததும் அடிப்படையில் இதுதான். பொருளைப் பொறுமையாக வைத்திருந்து, அதன் வயதையும் அளவையும் சேர்த்தே எழுதினார். அதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டும் என்றில்லை. ஒரு வாளி, ஒரு மணிக்கூடு, ஒரு வெப்பமானி, உப்புமானி ஒன்று போதும்.

கனடாவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் இருக்கும் அக்காமார், தங்கைமார் கேட்கலாம், நாங்கள் அனுப்பும் காசுக்கு இது என்ன வேலை என்று. கொப்பிக்குக் காசு வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் எழுதுகிறவரும் எழுதுவார். இந்தச் சங்கம் நூறு வருடம் நிலைத்ததற்கும் காரணம், இடம்பெயர்ந்து எங்கெங்கோ சிதறிய காலத்திலும் ஒருத்தி மற்றவளை "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டுக்கொண்டே இருந்ததுதான்.

முன்வரிசையில் கொட்டாவியை அடக்கிக்கொண்டு இருந்த பிள்ளைகளே, கொப்பியின் முதல் பக்கத்தை எழுதப்போவது நீங்கள்தான். திகதி போட மறக்காதேயுங்கோ.